போட வேண்டாம் என்று நான் கெஞ்சிய கட்டுரை

இது நடந்து மூன்று வருடமிருக்கும். நோன்புப் பெருநாள் முடிந்து ஊரெல்லாம் கலியாணமாக இருந்த மாதம். கல்முனைக்குப் பக்கத்தில், எங்கள் ஊர்க் கடற்கரை வீதியில் ஒரு வீட்டு அடுப்படி. வெள்ளிக்கிழமை, நடுப்பகல் ஜும்ஆத் தொழுகைக்குக் கொஞ்சம் முந்தி.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். நாலு பேருக்கு முன்னால் கதைக்கச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆனால் கொப்பியைத் தந்தால் எழுதிக்கொண்டே இருப்பேன். அறுபது வயதுக்குப் பிறகு, பத்திரிகை ஒன்றுக்குச் சமையல் குறிப்பு எழுதி அனுப்பத் தொடங்கினேன். கொப்பிப் பக்கத்தைப் போனில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போடுவேன், அவ்வளவுதான். ஆசிரியருக்கு என் எழுத்துப் பிடித்துவிட்டது. "தங்கச்சி, சமைக்கிறதோடு நிற்காமல் அதை விற்கிற ஆட்களைப் பற்றியும் எழுதுங்கள். வியாபாரப் பக்கத்துக்கும் போடலாம்" என்று எழுதினார். என்னைச் சின்ன வயசுப் பிள்ளை என்று நினைத்திருந்தார். திருத்த வெட்கப்பட்டு விட்டுவிட்டேன்.

நான் எந்தப் பத்திரிகையிலும் வேலை செய்கிறவள் இல்லை. நல்லாயிருந்தால் போடுவார்கள், இல்லாவிட்டால் இல்லை. கருவாடு காயப்போடுகிற பெண்கள், தயிர்ச் சட்டி விற்கிறவர் என்று நாலைந்து எழுதி, அவையெல்லாம் வந்தும் விட்டன. முதல் தடவையாக எனக்கென்று ஒரு தொழில் இருக்கிறது என்ற எண்ணம் வந்தது. அந்த எண்ணத்தில்தான் இந்தப் பிழையைச் செய்தேன்.

எங்கள் வீதியில் ஒருத்தி, முட்டையும் கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் கலந்து அவிக்கிற வட்டிலப்பம் செய்வாள். என்னைவிட இருபது வயது இளையவள், என்னை அக்கா முறையில் ராத்தா என்பாள். புருஷன் கடலுக்குப் போய் முதுகில் அடிபட்டுப் படுக்கையில் கிடந்தார். மூன்றும் பெண் பிள்ளைகள். அவள் செய்கிற அத்தனை தட்டையும் வாங்குகிறவர் ஒருவரே, பேர் பெற்ற ஒரு ஹோட்டல் முதலாளி. அறுகம்பேக்குப் போகிற சுற்றுலாக்காரர்கள்கூட வாகனத்தை நிறுத்தி வாங்குகிற அந்த ஹோட்டல் வட்டிலப்பம் இவள் கைச்சமையல்தான் என்பது வெளியில் ஒருவருக்கும் தெரியாது. 'எங்கள் சொந்தத் தயாரிப்பு' என்று அங்கே பலகையே தொங்கும்.

அவளிடம் கேட்டு ஒரு கட்டுரை எழுதினேன். பத்திரிகைக்கு என்று சொல்லித்தான் கேட்டேன். அடுப்பை ஊதிக்கொண்டே அவள் எல்லாம் சொன்னாள். கருப்பட்டி கரைக்கிற பதத்தையும் சொன்னாள், முதலாளி கதையையும் சொன்னாள். இவள் கை ருசியில் இன்னொருவர் பேர் எடுக்கிறாரே, ஊர் அறியட்டும் என்று எனக்கு ரோசம் வந்தது. ஹோட்டல் பேரோடு இரண்டு வரி எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை வியாபாரப் பக்கத்தில் பெரிதாக வருகிறது என்று ஆசிரியரிடமிருந்து பதிலும் வந்தது.

அந்தச் சந்தோசத்தைச் சொல்லத்தான் வெள்ளிக்கிழமை போனேன். அவள் தட்டுகளில் முட்டைக் கலவையை ஊற்றிக்கொண்டிருந்தாள். விசயத்தைச் சொன்னதும் அவள் கை நின்றது.

"ராத்தா, முதலாளிட பேரையும் எழுதினீங்களா?"

"ஓம் புள்ள. உண்மைதானே?"

"முதலாளிட கதைய உங்களுக்கிட்டத்தானே சொன்னன், பேப்பருக்கா சொன்னன்? வெளியால கதைச்சா அடுத்த நாளே வேற ஆளப் பாப்பன் எண்டு சொல்லித்தான் அவரு எடுக்காரு. என்ட புள்ளையள நீங்களா பாப்பீங்க?"

அவள் சத்தம் போடவில்லை. உள்ளே படுத்திருக்கிற மனிதருக்குக் கேட்கக்கூடாது என்று மெல்லத்தான் சொன்னாள். அதுதான் என்னைக் கொன்றது.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அஸர் தொழுகைக்குள் பக்கம் அச்சுக்குப் போய்விடும் என்று ஆசிரியர் முன்பொருமுறை எழுதியிருந்தார். இதுவரை அவரோடு நான் ஒரு வார்த்தை கதைத்ததில்லை. போனை எடுத்து அவர் நம்பரை அடித்தேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. பள்ளிவாசலில் குத்பாப் பிரசங்கம் தொடங்கிவிட்டது. அவரும் ஜும்ஆவுக்குப் போயிருப்பார். அவள் மிச்சத் தட்டுகளையும் ஊற்றி, நெருப்பைக் கவனிக்காமலே அவிய வைத்தாள்.

தொழுகை முடிந்த கையோடு வாசலில் வேன் வந்து நின்றது. வலீமாக் கலியாண விருந்து வீட்டுக்குத் தட்டு எடுக்க முதலாளியே வந்திருந்தார், தலையில் தொப்பியோடு. நான் அடுப்படித் திரைக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

"என்ன தங்கச்சி, இண்டைக்கு மேலெல்லாம் வெடிச்சிரிக்கி? கலியாண மாப்பிளைக்கா, இல்ல மையத்து வீட்டுக்கா இது?" என்று சிரித்தார். "நம்மட ஹோட்டல்ட பேரக் கெடுத்துராத."

"நெருப்பு கூடிட்டு நானா. மத்தத் தட்டெல்லாம் நல்லாரிக்கி" என்றாள் அவள்.

அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. ஆசிரியர்! எடுத்தால் முதலாளிக்குக் கேட்கும். எடுக்காவிட்டால் பக்கம் போய்விடும். போனை முந்தானைக்குள் வைத்து வயிற்றோடு அமுக்கிப் பிடித்தேன். அடித்து அடித்து அது அடங்கியபோது என் உயிரும் அடங்கியது போல இருந்தது.

வேன் போனதும் பின்பக்கம் கிணற்றடிக்கு ஓடினேன். இரண்டு தடவை எடுக்கவில்லை. மூன்றாம் தடவை எடுத்தார்.

"ஆரு, உம்மாவா? மகளுக்கிட்டக் குடுங்க."

"நான்தான் மகன், அந்த எழுதுறவ."

நான் விசயத்தைச் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று இப்போதும் தெரியாது. வாழ்நாளில் ஒரு அந்நிய ஆணோடு அவ்வளவு கதைத்தது அன்றுதான்.

"அந்த ரெண்டு வரிதான் கட்டுரையே. அத எடுத்தா வெறும் சமையல் குறிப்பு, வியாபாரப் பக்கத்துல போடேலாது. பக்கமும் முடிஞ்சிட்டு."

"அப்ப முழுசா எடுத்துருங்க மகன்."

"கடைசி நேரத்துல இப்பிடிச் செஞ்சா இனி உங்கட எழுத்த நான் எப்பிடி நம்புற?"

"நம்பாதீங்க. இனிக் கேக்கவும் வேணாம். இத மட்டும் போட்டுராதீங்க, உங்களுக்குப் பெரிய புண்ணியம்."

"பாக்கன்" என்றுவிட்டு வைத்துவிட்டார்.

ஞாயிறு காலையில் பேப்பர்க் கடை திறக்குமுன் போய் நின்றேன். வியாபாரப் பக்கத்தை விரித்தால் நெல் அறுவடைப் படம் ஒன்று பெரிதாகக் கிடந்தது. எழுதுகிற வேகம் எனக்குப் படிப்பதில் இல்லை. விரலை வைத்து எல்லாப் பக்கத்தையும் இரண்டு தடவை தேடினேன். என் கட்டுரை எங்கும் இல்லை. தன் எழுத்து வரவில்லை என்று கடை வாசலில் நின்று அல்ஹம்துலில்லாஹ் சொன்ன ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

பேப்பரை அவளிடம் கொண்டுபோனேன். இல்லை என்று நான் சொல்லியும், அவள் ஒவ்வொரு தாளாகத் தானே புரட்டிப் பார்த்தாள். பிறகுதான் மூச்சு விட்டாள்.

ஐந்து மாதம் ஆசிரியரிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. என் தொழில் முடிந்தது என்றே நினைத்தேன். பிறகொரு நாள், "உம்மா, சந்தையில் மரக்கறி விற்கிற பெண்களைப் பற்றி எழுதித் தருவீர்களா?" என்று கேட்டு எழுதியிருந்தார். தங்கச்சி போய் உம்மா வந்திருந்தது. இப்போது யாரைப் பற்றி எழுதினாலும், அனுப்புவதற்கு முன் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து முழுவதையும் வாசித்துக் காட்டுகிறேன். "இத வெட்டுங்க" என்று அவர்கள் சொன்னால் அங்கேயே வெட்டுகிறேன். நல்ல வரிகள் நிறையப் போயிருக்கின்றன.

அவள் இன்றும் பெருநாளைக்கு எனக்கு வட்டிலப்பம் அனுப்புவாள். வீட்டுக்குப் போனால் தேத்தண்ணி தருவாள், சிரித்துக் கதைப்பாள். ஆனால் அன்றிலிருந்து எனக்குக் கதிரை போடுவது முன் அறையில்தான். பேப்பரில் என் பெயரைப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும், எனக்காகத் திறந்திருந்து நானே மூடவைத்த அந்த அடுப்படிக் கதவுதான் கண்ணுக்கு முன்னால் வருகிறது.