ஸ்கேல் டீச்சரின் வாசல்

கல்யாணமாகி அந்தக் குடியிருப்புக்கு வந்த முதல் வாரமே அவள் ஒரு தப்பு செய்தாள். துவைத்த துணியை முன்பக்கத் தோட்டத்தில் கொடி கட்டி உலர்த்தினாள். மாலையில் எதிர்வீட்டு அம்மாள் வந்து, கோபமே இல்லாத குரலில், இங்கே யாரும் அப்படிச் செய்வதில்லை என்று சொல்லிவிட்டுப் போனாள். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதவள், அதன்பின் எவரும் தன்னிடம் வந்து ஒரு சொல் சொல்லும்படி வைத்துக்கொள்ளவில்லை.

நகரத்துப் புகையிலிருந்து தப்ப நினைத்த பணக்காரர்களுக்காக, நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு கம்பெனி குன்றுச் சரிவில் மொத்தமாகத் திட்டம் போட்டுக் கட்டிய இடம் அது. தெருக்கள் வேண்டுமென்றே வளைந்து போகும். எங்கே நின்றாலும் தெருமுனை கண்ணில் படாது. கடை கிடையாது, மதில் கிடையாது. வீட்டுக்கு வீடு உயரமான கல்படிகள். வேலையாட்கள் வந்துபோகப் பின்னால் தனிச் சந்து. அங்கேயே பிறந்த அவள் புருஷன் இதையெல்லாம் கண்டுகொள்ளவே மாட்டார். கணக்கு டீச்சரான அவள்தான் விதிகளை மனப்பாடம் செய்தாள். ஓய்வு பெற்றதும் குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளரானாள். செடிவேலியின் உயரத்தை அளக்கக் கையில் டேப்போடு நடப்பாள். முதுகுக்குப் பின்னால் 'ஸ்கேல் டீச்சர்' என்றார்கள். அவள் காதிலும் விழுந்தது. உள்ளூரச் சந்தோஷம்தான்.

புருஷனுக்குப் பக்கவாதம் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவரைச் சக்கர நாற்காலியோடு இரண்டு ஆட்கள் படியேற்றினார்கள். மூட்டை மாதிரி தூக்கப்படுவது அவருக்குப் பிடிக்கவில்லை. பின்வாசல் இன்னும் செங்குத்து. அதனால் அவர் வெளியே இறங்குவதையே விட்டுவிட்டார். ஹாலில் திரைச்சீலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்.

முன்படியின் ஓரமாக மரத்தில் ஒரு சாய்தளம் போட அவள் சங்கத்தில் அனுமதி கேட்டாள். முடிவெடுக்கும்போது தான் இருக்கக்கூடாது என்று எழுந்து வெளியே போய் நின்றாள். மறுப்பார்கள் என்று கனவிலும் நினைக்கவில்லை. தலைவரான வக்கீல் வந்தார்.

"எனக்கே கஷ்டமாத்தான் இருக்கு டீச்சர். மூலை வீட்டுக்காரர் படிக்குக் கைப்பிடி கேட்டப்போ, ஒருத்தருக்கு விட்டா எல்லாருக்கும் விடணும்னு நீங்கதானே சொன்னீங்க?"

அவள் தலையாட்டினாள். மூலை வீட்டுக்காரர் அதற்கப்புறம் வீட்டை விற்றுவிட்டுப் போய்விட்டார். ஏன் என்று அவள் கேட்டதில்லை. அன்று அவர் முகத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தாள், வரவில்லை.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும், புருஷன் குழறும் நாக்கால், "நான் உன்ன எதுவும் கேக்கலையேம்மா" என்றார். ஆறுதலா, குத்தலா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

தச்சரைக் கூப்பிட்டாள். அந்தத் தெருவில் பாதி வீடுகளுக்கு வேலை செய்கிறவர் அவர். தயங்கினார். "பர்மிஷன் இருக்காம்மா?"

"நான்தானே செக்ரட்டரி" என்றாள். பொய்யில்லை. ராஜினாமா செய்தது அடுத்த வாரம்தான்.

மாலைகளில் புருஷனைச் சாய்தளத்தில் இறக்கித் தெருவில் தள்ளிக்கொண்டு போனாள். முன்பெல்லாம் கையசைத்தவர்கள் திடீரென்று தங்கள் ரோஜாச் செடிகளில் மூழ்கிவிட்டார்கள். அவர் எதையும் கவனிக்காதவர்போல மரங்களையே பார்த்து வந்தார். சங்கம் வழக்குப் போட்டது. மழைக்காலத்தில் அவர் இறந்துபோனார். எல்லோரும் வந்தார்கள், எதிர்வீட்டார் அழக்கூடச் செய்தார்கள். அவர் உடலைச் சாய்தளத்தின் வழியாகத்தான் இறக்கினார்கள்.

நாகரிகமான இடைவெளி விட்டு வக்கீல் வந்தார். "இனிமே அது தேவைப்படாதில்லையா டீச்சர்? எடுத்துட்டா கேஸையும் முடிச்சிடலாம்."

"இருக்கட்டும்."

"யாருக்கு?"

"எனக்கும் முட்டி வலிக்குது."

அவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

வழக்கு இன்னும் நடக்கிறது. தான் ஜெயிக்க வேண்டும் என்றுகூட அவளுக்குத் தீர்மானமாகத் தோன்றவில்லை. விதிகள் இல்லாவிட்டால் அந்த மரங்களும் தெருக்களும் மிஞ்சியிருக்காது என்றுதான் இப்போதும் நம்புகிறாள். கூட்டத்துக்கு மட்டும் போவதில்லை.