பெரியப்பா போடாத கையெழுத்து

பெரியப்பா முப்பது வருடங்களுக்கும் மேல் வெளியுறவு அமைச்சில் வேலை பார்த்தவர். தூதராக ஓய்வு பெற்று, கெலுகோரில் ஓர் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார். எண்பத்தெட்டு வயதில் தன் பணிக்காலத்தை எழுதிவைக்க ஆசைப்பட்டார். கை நடுங்குவதால் அவர் சொல்வார், நான் சனிக்கிழமைகளில் போய்த் தட்டச்சு செய்வேன்.

விருந்தில் எந்த மந்திரியை எங்கே உட்கார வைத்தோம் என்பதைக்கூட விரிவாகச் சொன்னவர், போர் நடந்த ஒரு தலைநகரில் இருந்த காலத்தை மட்டும் மூன்றே வரியில் முடித்தார். நிலைமை மோசமானது, தூதரகத்தை மூடினோம், ஊர் திரும்பினோம். அவ்வளவுதான்.

போன வருடம் அந்த நாட்டுக்காரர் ஒருவர் தேடி வந்தார். இப்போது இங்கே பக்கத்தில் சிம்பாங் அம்பாட்டில் ஒரு தொழிற்சாலையில் பொறியாளர், ஐம்பதைத் தாண்டியவர். பிளாஸ்டிக் உறையில், எங்கள் தூதரகம் கொடுத்த பழைய பயணப் பத்திரம் ஒன்றை வைத்திருந்தார். அதைக் காட்டித்தான் தன் அம்மா தன்னைத் தூக்கிக்கொண்டு கடைசி விமானத்தில் ஏறினார் என்று ஆங்கிலத்தில் சொல்லி, பெரியப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பத்திரத்தின் கீழே பெரியப்பாவின் கையெழுத்து. நான் சின்ன வயதிலிருந்து பார்த்த அதே வளைவு.

பெரியப்பா கண்ணாடி போட்டு நெடுநேரம் பார்த்தார். இது தன் கையெழுத்து அல்ல என்று மரியாதையாகச் சொல்லிவிட்டார். வந்தவர் பத்திரத்தை உறைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தார். பெரியப்பா மறந்துவிட்டாரா, நன்றியை வாங்கிக்கொள்ளக் கூச்சப்பட்டாரா? வந்தவரோடு லிப்ட் வரை போய் அவருடைய எண்ணை வாங்கிக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்துத்தான் பெரியப்பா அதைப் பற்றிப் பேசினார்.

"அந்தம்மா என்கிட்ட வந்தாங்கமா. அந்த ஊர்க்காரங்களுக்குப் பத்திரம் கொடுக்கக் கூடாதுன்னு மேலிருந்து ஆர்டர். நான் முடியாதுன்னு சொல்லிட்டேன்."

"அப்ப யாரு சைன் போட்டது?"

"எங்க ஆபீஸ்ல அந்த ஊர் கிளார்க் ஒருத்தர் இருந்தாரு. என் கையெழுத்து அவருக்கு அத்துப்படி. அவராத்தான் இருக்கணும். அவரு பிளேன்ல ஏறலமா, அங்கேயே நின்னுட்டாரு."

நம்புவதா என்று எனக்குத் தெரியவில்லை. அடுத்த வாரமே, ஒருவேளை நானே போட்டிருப்பேனோ என்று என்னிடமே கேட்டார். அதற்கடுத்த வாரம், இல்லவே இல்லை என்றார். எதைத் தட்டச்சு செய்ய? இரண்டையும் செய்தேன். அவர் இரண்டையும் அழிக்கச் சொன்னார். பிறகு, அழிக்க வேண்டாம் என்றார்.

பொறியாளருக்குப் போன் செய்து, பெரியப்பா சொன்னதையெல்லாம் அப்படியே சொன்னேன். அவர் கோபப்படவில்லை. அந்தக் கிளார்க்கின் பெயர் என்ன என்று மட்டும் கேட்டார்.

பெரியப்பாவுக்குப் பெயர் ஞாபகமில்லை. சனிக்கிழமைதோறும் ஒரு பெயர் சொல்கிறார், நான் எழுதிக்கொள்கிறேன். கொஞ்ச நேரத்தில், அது வேறு நாட்டில் இருந்த டிரைவர், இது இன்னொரு தூதரகத்துச் சமையல்காரர் என்று அவரே அடித்துவிடுகிறார்.