மருந்துக்கடைக்காரரைத் தேடிய நாட்கள்

கல்யாணம் முடிந்து வடசேரியில் வாடகை வீட்டுக்கு வந்தபோது எனக்கும் என் கணவருக்கும் பேசிக்கொள்ள அதிகம் இருக்கவில்லை. சாப்பாடு, தண்ணீர் வரும் நேரம், ஞாயிற்றுக்கிழமை யாருடைய அம்மா வீடு என்பதோடு பேச்சு தீர்ந்துவிடும். அவர் ஒரு பொறியியல் கல்லூரியில் லேப் உதவியாளர். 2011 மழைக்காலத்தில் ஒருநாள், நண்பரிடம் வாங்கிய துப்பறியும் விளையாட்டு ஒன்றைக் கணினியில் ஏற்றினார்.

குளிரான ஒரு மலையூர். மருந்துக்கடைக்காரர் ஒருவரைக் காணவில்லை. விசாரிக்க வருகிறவள் ஓய்வு பெறப்போகும் ஒரு பெண் அதிகாரி. வசனமெல்லாம் ஆங்கிலத்தில் எழுத்தாக வரும். நான் வாசித்துச் சொல்வேன், அவர் மவுசைப் பிடிப்பார். சாயங்காலம் ஆறு மணிக்கு உட்கார்ந்தால் சோறு வைக்கக்கூட மறந்துபோகும்.

யாரிடம் எதைக் கேட்பது என்பது நம் கையில் இருந்தது. அதுதான் அந்த விளையாட்டின் அழகு. கடைக்காரரின் மனைவியிடம் என் கணவர் நேராக, "நீதான் கொன்னியா?" என்ற கேள்வியைத் தேர்ந்தெடுத்தார். அவள் கதவைச் சாத்திவிட்டாள்.

"அவளுக்க அடுப்புல ரெண்டு பேருக்குச் சமையல் நடக்கு. அதைப் பத்தி முதல்ல கேளுங்க" என்றேன்.

மறுமுறை அதைக் கேட்டார். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

குறைகளும் இருந்தன. பூட்டிய ஓர் அலமாரியின் சாவிக்காக ஒரே வீட்டுக்குப் பத்துத் தடவை போக வேண்டியிருந்தது. கடைக்காரர் கொலையாகியிருக்கிறார், கொலைகாரன் அதிகாரியோடு கூடவே தேடிக்கொண்டிருந்த அந்த ஊர் வாத்தியார்தான் என்று எனக்குப் பாதியிலேயே பட்டது. ஆனால் நமக்குத் தெரிந்தாலும், அந்த அதிகாரிக்குத் தெரியும்வரை அதைச் சொல்ல விளையாட்டு விடாது.

எனக்குப் பொறுமை இல்லை. ஒரு மத்தியானம் தனியாக உட்கார்ந்து முடித்துவிட்டேன். வாத்தியார்தான். சாயங்காலம் ஒன்றும் தெரியாதவள்போல வாசித்தேன். மூன்று நாள் அப்படியே போனது. நாலாம் நாள் அவர் மவுசை விட்டுவிட்டுக் கேட்டார்.

"நீ முடிச்சிட்டியா?"

நான் அடுத்த வசனத்தை வாசிக்கப் போனேன்.

"விளையாட்டைச் சேமிச்ச இடத்துல நேரம் காட்டுகு. மத்தியானம் மூணு மணி. நான் அப்போ லேப்ல இருந்தேன்."

"எப்போ பாத்தீங்க?"

"முதல் நாளே."

"பிறவு ஏன் கேக்கல்ல?"

"நீ தெரியாத மாதிரி வாசிக்கது நல்லா இருந்துச்சு."

வெட்கமாக இருந்தது. சிரிப்பும் வந்தது. அன்றே இரண்டு பேரும் சேர்ந்து கடைசிவரை பார்த்தோம். முடிவு சப்பென்றிருந்தது. அதுவரை எவ்வளவோ நுணுக்கமாகப் போன கதையில், வாத்தியார் நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட்டார். திரையில் விளையாட்டை உருவாக்கியவர்களின் பெயர்கள் ஓட ஆரம்பித்தன.

"கடைக்காரருக்க பொண்டாட்டிக்கு என்ன ஆச்சு?" என்றார் அவர்.

விளையாட்டு அதைச் சொல்லவே இல்லை. அவள் கடையை விற்றுவிட்டு ஊரைவிட்டுப் போயிருப்பாள் என்றார். போகமாட்டாள், கடையை அவளே திறப்பாள் என்றேன்.

"தனியா எப்படி இருப்பா?"

"மருந்துக்கு ஆளுங்க வருவாங்கல்லா. வந்தா பேசுவாங்க."

அவர் ஒத்துக்கொள்ளவில்லை. நானும் விடவில்லை. கணினியை அணைத்துவிட்டு அடுக்களைக்குப் போனேன். அவர் பின்னாலேயே வந்து, தேங்காயைத் துருவிக்கொண்டே அவள் ஏன் போயிருப்பாள் என்பதற்குக் காரணம் சொல்ல ஆரம்பித்தார்.