கீழ்த்தண்ணீர் குடித்த குட்டிகள்

கல்வராயன் மலை ஆட்டுக்குட்டியைக் கீழே சமவெளிக்கு இறக்கினால், கீழ்த்தண்ணீர் அதன் வாயில் படுவதற்குள் வெட்டிவிட வேண்டும் என்பது எங்கள் அப்பாவின் சட்டம். தண்ணீர் குடித்தால் மலை ருசி போய்விடுமாம். யார் சொன்னது என்று கேட்டால் முறைப்பார். தியாகதுருகம் பக்கத்தில் கரும்பு போடுகிறவருக்கு ஆட்டைப் பற்றி இவ்வளவு அகம்பாவம் எங்கிருந்து வந்ததோ!

அந்தச் சட்டப்படிதான் அக்கா கல்யாணத்தில் மறுவீட்டுக் கறி விருந்து நடந்தது. வெள்ளிமலையிலிருந்து வேனில் குலுங்கி வந்த செம்மறிக் குட்டிகள், மூச்சு வாங்கும்போதே கத்திக்குப் போயின. கறி கறுத்து, எவ்வளவு வேகவைத்தும் விறைப்பாகவே இருந்தது. சம்பந்தி வீட்டார் மென்றார்கள், மென்றுகொண்டே இருந்தார்கள். அதற்கப்புறம் மணலூர்பேட்டையில், புகுந்த வீட்டில், அக்காவை அவள் மாமியார் குத்திக்காட்டாத நாளில்லை. தோசை தடித்தாலும் சரி, குழந்தை அடம்பிடித்தாலும் சரி, "உங்கப்பன் போட்ட கறி மாதிரியே கீது" என்பாள். அக்கா அந்த வீட்டில் கறி தின்பதையே விட்டுவிட்டாள்.

என் கல்யாணம் வந்தபோது இடஒதுக்கீடு கேட்டு, சாலைகளில் மரங்களை வெட்டிப் போட்டு மறிக்கும் போராட்டம் நடந்துகொண்டிருந்தது. மறுவீட்டு விருந்துக்கு அக்காவின் மாமியாரும் வருவதாக இருந்தாள்.

"இந்த வாட்டியும் கறி வேகலனா அந்த வூட்டுக்குத் திரும்பிப் போவ மாட்டேன்" என்றாள் அக்கா. விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அப்பாவிடம் சொன்னேன். "போன வாட்டி வெட்ட லேட்டாயிடுச்சி. இந்த வாட்டி எறக்கன ஒடனே வெட்டிடலாம்" என்றார். என்னத்தைச் சொல்ல!

விருந்தன்று காலையில் அப்பா குட்டிகளை ஏற்றிவந்த வேன் எங்கள் ஊர் முனைக்கு வந்தபோது, சாலைக்குக் குறுக்கே ஒரு பெரிய புளியமரம் கிடந்தது. மறியல்காரர்கள் அதன் மேல் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா கத்தினார்.

"வேனு போவாதுங்க. ஆடு வோணா போவட்டும்" என்றார்கள். குட்டிகளைத் தூக்கி மரத்துக்கு இந்தப் பக்கம் விட்டார்கள். அப்பாவையும் ஏறக்குறைய அப்படித்தான் விட்டார்கள்.

திருநாவலூரிலிருந்து வரவேண்டிய என் மாமியார் வீட்டாரும் வழியில் மாட்டிக்கொண்டதாகச் சேதி வந்தது. விருந்து மறுநாளைக்குத் தள்ளிப் போயிற்று. அப்பா குட்டிகளைத் தோட்டத்தில் கட்டி, நாளை வரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணீர் காட்டக்கூடாது என்று உத்தரவு போட்டார்.

அக்கா வாளியைத் தூக்கிக்கொண்டு நேரே போனாள். "நாக்கு வறண்டு நிக்குதுங்க. இன்னா பெரிய ருசி உனக்கு?" என்று அவர் கண்ணெதிரிலேயே ஊற்றினாள். நான் வெட்டிக் கிடந்த மரத்திலிருந்து தழை ஒடித்து வந்து போட்டேன். போராட்டத்தின் முதல் பலன் எங்கள் வீட்டு ஆடுகளுக்குத்தான் கிடைத்தது. சாயங்காலம் அவை நிம்மதியாகப் படுத்து அசைபோட்டன. அப்பாதான் சாப்பிடாமல், "போச்சு, எல்லாம் போச்சு" என்று புலம்பிக்கொண்டிருந்தார்.

மறுநாள் வழி திறந்தது, எல்லாரும் வந்தார்கள். கறி விரலால் அழுத்தினாலே பிரிந்தது. பயத்திலும் அலைச்சலிலும் களைத்த ஆட்டின் சதையில் சத்து தீர்ந்துபோய்க் கறி கறுத்து இறுகிவிடும், இளைப்பாற விட்டால் தேறிவிடும் என்று பிற்பாடு ஒரு கால்நடை டாக்டர் எனக்கு விளக்கினார். அன்றைக்கு அதெல்லாம் யாருக்குத் தெரியும்? அக்காவின் மாமியார் இரண்டாம் தரம் கேட்டு வாங்கினாள். அவள் பக்கத்திலேயே இலை போட்டு உட்கார்ந்து அக்காவும் கறி தின்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்பாவோ, மலை ருசி கொஞ்சம் கம்மி என்றார்.

நான் கிளம்பும் நேரம். வீட்டுக்குப் போனதும் நான்தான் நடவு ஆட்களுக்குச் சோறாக்க வேண்டும் என்று என் மாமியார் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்த, போன ஒடனே இவளுக்குக் குடிக்கத் தண்ணி குடுங்க. ஒரு நா படுக்க வுடுங்க. வேல அப்பறம் வாங்கிக்கலாம். எனக்கு யாரும் அப்படிச் சொல்லலிங்க."

அக்காவின் மாமியார் பக்கத்தில்தான் நின்றிருந்தாள்.