உடைந்த பல்லும் சைரன் சாரும்

“ஸ்டீரிங்கை இவ்வளவு இறுக்காதீங்கம்மா, அது எங்கயும் ஓடிப்போயிடாது” என்று சொல்லிக்கொண்டே அவர் தன் சீட் பெல்ட்டை இன்னொரு முறை இழுத்துப் பார்க்கிறார். பழக வந்தவர் வண்டியைக் கிளப்புவதற்குள் இவர் மூன்று தடவையாவது இழுத்துப் பார்த்துவிடுவார். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். அவர் பக்கம் தனியாக ஒரு பிரேக் உண்டு. இருபத்தாறு வருடமாகப் பாதம் அதன் மேலேயே இருந்து பழகியதால், வீட்டில் டிவியில் யாராவது வேகமாக வண்டி ஓட்டினாலும் சோபாவில் இருக்கும் அவர் கால் தரையை அழுத்தும்.

ஆள் குட்டை, கழுத்து என்று தனியாக ஒன்று இல்லை, குரல் மட்டும் மூன்று ஆள் குரல். அதனால்தான் ‘சைரன் சார்’ என்று பெயர். அவருடைய டிரைவிங் ஸ்கூல் கார் தெருமுனையில் திரும்புமுன்பே சத்தம் வந்துவிடும். ஒருமுறை ஒரு வக்கீல், அவர் வாயைத் தாங்க முடியாமல் நாற்சந்தியின் நடுவிலேயே வண்டியை நிறுத்தி இறங்கி, பஸ் பிடித்து வீட்டுக்குப் போய்விட்டார். நீதிமன்றத்தில் யாருக்கும் மசியாத மனிதர் அவர்.

சைரன் சாரின் மனைவி ஞாயிறு தவறாமல் சபைக்குப் போகிறவர். இவர் வாசலில் இறக்கிவிட்டுக் காருக்குள்ளேயே தூங்குவார். ஒரு ஞாயிறு பெரிய மழை. காரின் ஜன்னல் கண்ணாடி பாதியில் மாட்டிக்கொள்ள, நனையாமல் இருப்பதற்காக உள்ளே போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். அன்று என்ன கேட்டாரோ, அடுத்த வாரம் வெயிலடித்தபோதும் போனார். எட்டு மாதத்தில் ஞானஸ்நானம். போதகர் அவரைத் தண்ணீரில் முக்கியெடுத்தார். எழுந்ததும், மூக்கிலிருந்து தண்ணீர் ஒழுக, அவர் சொன்ன முதல் வார்த்தை: “மெதுவா பாஸ்டர், கிளட்ச டக்குனு விடக்கூடாது.”

தண்ணீரோடு கோபமும் போய்விட்டது என்றுதான் நம்பினார். மறுநாள் திங்கட்கிழமை காலை ஒன்பது பத்துக்கு ஒரு மாணவர் சாலை நடுத்தடுப்பின் மேல் வண்டியை ஏற்ற, சைரன் பழையபடி ஊதியது. அன்று முழுவதும் அவர் முகம் தொங்கிப்போய் இருந்தது. புதிதாக ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று இல்லை. விட்டுவிட்டேன் என்று சபையார் முன் சொன்னதையே செய்துவிட்டோமே என்று.

பிறகு தொடங்கியது போராட்டம். வாயில் மிட்டாய் இருந்தால் கத்த முடியாது என்று கண்டுபிடித்து, பாட வேளை முழுக்க மிட்டாய் சப்பினார். கத்தியபோது மிட்டாய் முன்கண்ணாடியில் போய் ஒட்டியதுதான் மிச்சம். மணிக்கட்டில் ரப்பர் பேண்ட் போட்டு, கோபம் வரும்போதெல்லாம் சுண்டி அடித்துக்கொண்டார், கை வீங்கியது. கெட்ட வார்த்தைகளுக்குப் பதிலாக உதிரி பாகங்களின் பெயரைச் சொல்ல ஆரம்பித்தார். “அட கார்புரேட்டரே! ரேடியேட்டர் மூஞ்சி!” என்று அவர் கத்தியது, பழைய வசவை விட மோசமாகக் காதில் விழுந்தது. “நீங்க ஸ்பார்க் பிளக்னு சொல்றப்ப எனக்கே உடம்பு கூசுது” என்றார் மனைவி.

கடைசியில் போதகரிடம் போய் நின்றார். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, முயற்சியைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, கர்த்தர் கொடுப்பதை வாங்கிக்கொள்ளக் கற்றுக்கொள்ளும்படி சொன்னார். இவருக்கு அது பிடிபடவே இல்லை.

“முயற்சி பண்ணாம எப்படி பாஸ்டர்? முயற்சி பண்ணாத ஆளுங்களத்தானே நான் தினமும் திட்டறேன்.”

சைரன் சாரிடம் அப்போது ஒரு பல் டாக்டர் அம்மா கார் பழகிக்கொண்டிருந்தார். ஓட்டுநர் தேர்வில் நான்கு முறை தோற்றவர். கிளட்சில் வைத்த கால் நழுவிக்கொண்டே இருக்கும். இவர் என்ன கத்தினாலும் வாயைத் திறக்கமாட்டார். நாள் முழுக்க அடுத்தவர் வாயைத் திறக்கச் சொல்லிக் களைத்தவர் போல் இருப்பார். ஒரு நாள் பாடம் முடிந்து அவரை அவருடைய கிளினிக் வாசலில் இறக்கிவிடும்போது சைரன் எல்லை மீறியது. “ஓட்டறத விடுங்க, கார்ல உக்காரக்கூட உங்களுக்குத் தகுதி இல்ல” என்று நோயாளிகள் காதுபடவே சொல்லிவிட்டார். டாக்டர் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனார்.

இவர் ஓட்டுநர் இருக்கைக்கு மாறினார். கோபம் தலைக்கேறியிருக்க, முதல் கியருக்குப் பதில் ரிவர்ஸைப் போட்டு ஆக்சிலரேட்டரை மிதித்தார். கிளினிக் முன்னால் ஆளுயரத்துக்கு ஒரு சிமெண்டுப் பல் நின்றது, விளம்பரத்துக்காக. கார் பின்னால் பாய்ந்து அதை அடியோடு பெயர்த்தது. பல் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதி காரின் டிக்கி மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.

கூட்டம் கூடிவிட்டது. அவர் காரைவிட்டு இறங்கவே இல்லை. தான் டாக்டர் இடத்தில் இருந்தால் என்னென்ன சொல்லியிருப்போம் என்று அவருக்கு வரிசையாகத் தெரியும். அத்தனையும் தனக்கு வரப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டார்.

கதவைத் திறந்த டாக்டர், “அடிகிடி பட்டுச்சா சார்?” என்று கேட்டார். அவரைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப்போய், வேறு இடம் இல்லாததால் பல் பிடுங்கும் நாற்காலியிலேயே சாய்த்து, தண்ணீர் கொடுத்தார்.

“திட்டிடுங்க டாக்டர்.”

“எதுக்கு சார்? கால் நழுவிடுச்சு. எனக்கு தினமும் நழுவுது. நாளைக்கு எத்தனை மணிக்கு வகுப்பு?”

அவ்வளவுதான். மனிதர் குலுங்கிக் குலுங்கி அழ ஆரம்பித்தார். அவருக்கோ குரல் மூன்று ஆள் குரல். வெளியே காத்திருந்த நோயாளிகளில் இரண்டு பேர், உள்ளே என்ன வைத்தியம் நடக்கிறதோ என்று பயந்து சத்தமில்லாமல் நழுவிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார்: “நான் வாங்க வேண்டியது எனக்குக் கிடைக்கல. வாங்கத் தகுதியில்லாதது கிடைச்சிடுச்சு. கிருபை கிருபைனு ஒரு வருஷமா சபையில கேட்டேன், பல் டாக்டர் நாற்காலியிலதான் புரிஞ்சுது.”

“அப்ப பாஸ்டர்கிட்ட சொல்லி, பெஞ்சை எடுத்துட்டு அந்த நாற்காலியவே போடச் சொல்லலாம்” என்றார் மனைவி. ஆனால் சொல்லும்போது அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

அதற்கப்புறம் இவர் எதையும் சபதம் செய்யவில்லை. ரப்பர் பேண்ட் போடாமல் மூன்று வாரம் ஓடியதை மனைவிதான் கவனித்தார். இவருக்கு நினைவே இல்லை. குரல் தானாகவே இறங்கிவிட்டது. “கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க சார், கேக்கல” என்று ஒருவர் கேட்க, இவருக்கே சிரிப்பு வந்தது. கண்டிப்பான ஆள் என்று கேள்விப்பட்டு மகளைச் சேர்க்க வந்த ஒரு தகப்பனார், இவர் பேசும் தோரணையைப் பார்த்து, தவறான பள்ளிக்கு வந்துவிட்டோமோ என்று பெயர்ப்பலகையைப் போய்ப் படித்துவிட்டு வந்தார். ஒரேயடியாகத் துறவியாகிவிட்டார் என்று சொல்ல முடியாது. எப்போதாவது ஊதும். ஆனால் அடுத்த திருப்பம் வருவதற்குள், “தப்பா பேசிட்டேன், மன்னிச்சுக்கோங்க” என்று சொல்லிவிடுவார். டாக்டர் ஆறாவது முயற்சியில் தேறினார். அன்று அவரைவிட இவர்தான் அதிகமாகத் துள்ளினார்.

போன வாரம் ஒரு தையல்காரம்மாவுக்குப் பாடம். காலை நெரிசலில், சிக்னலில் வண்டி நின்றுபோனது. பச்சை விழுந்து, சிவப்பாகி, மறுபடி பச்சை விழுந்தது. பின்னால் லாரிக்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. அந்த அம்மா முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நீங்களே ஓட்டிடுங்க சார், எனக்கு இது வராது” என்றார்.

“அவசரமே இல்லம்மா. நிதானமா எடுங்க. பின்னாடி இருக்கறவங்கள நான் பாத்துக்கறேன்.”

இறங்கினார். கதவை மெல்லச் சாத்தினார். வண்டியின் பின்னால் போய், லாரியைப் பார்த்தபடி, இரண்டு கைகளையும் அகல விரித்து நின்றுகொண்டார். லாரிக்காரர் தலையை வெளியே நீட்டி அவருடைய பரம்பரையையே இழுத்தார். இவர் ஒவ்வொன்றுக்கும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார். முதுகுக்குப் பின்னால் இன்ஜின் உறுமியது. திரும்பிப் பார்த்தால், கார் கிளம்பிவிட்டது. தையல்காரம்மா இவரை ஏற்றிக்கொள்ள மறந்து, சிக்னலை அழகாகக் கடந்து, எதிர்ப்புறம் ஓரத்தில் கோடு பிசகாமல் நிறுத்தியும்விட்டார்.

நடுச்சாலையில் தனியாக நின்ற அவர், விரித்த கைகளைச் சேர்த்துத் தட்ட ஆரம்பித்தார்.