192 வரிகளுக்குக் கீழே

சிவப்பு கொஞ்சம் கூடிவிட்டது.

என் கணவரின் முகத்தைத் திரையில் பார்த்தபோது மனதில் ஓடியது இவ்வளவுதான். அவர் இறந்து நாற்பத்தாறாம் நாள். அழுகை வரவில்லை. சிவப்பைக் குறைக்கவேண்டும் என்று மட்டும் தோன்றியது.

எனக்குக் கதை கட்டத் தெரியாது. நான் மின்சுற்று வரைபவள். இங்கே வரும் நேரங்கள் எல்லாம் என் வேலைக் கொப்பியில் அன்றன்றே பேனாவால் எழுதியவை. நம்பாதவர்கள் கோப்பாயில் என் வீட்டுக்கு வந்து பார்க்கலாம்.

ரொறன்ரோவில் இருக்கும் கனகரத்தினம் அண்ணை பழைய கணினிகள் சேர்ப்பவர். 1983ஆம் ஆண்டின் வீட்டுக் கணினி ஒன்றை எனக்கு அனுப்பியிருந்தார். ரீவியோடு பூட்டிப் பாவிப்பது. அதற்கு நான்கு நிறங்கள்தான் தெரியும். 256 நிறங்கள் காட்டும் புதிய கிராபிக்ஸ் கார்ட் ஒன்றை நான் அதற்கு வடிவமைக்கவேண்டும்.

"மனிச முகம் ஒண்டு போட்டுப் பாருங்கோ தங்கச்சி," என்றார் தொலைபேசியில். "எங்கடை காலத்திலை ஆரை வரைஞ்சாலும் பச்சை. என்ரை மனிசியை வரைஞ்சு காட்டி ரெண்டு நாள் எனக்குச் சோறு கிடைக்கேல்லை."

என் மேசையில் கைக்கெட்டிய தூரத்தில் ஒரே ஒரு முகம்தான் இருந்தது. முப்பத்தோராம் நாள் வீட்டுக்கு வந்தவர்களுக்கு அவர் நினைவாக அச்சடித்துக் கொடுத்த கல்வெட்டுப் புத்தகம். அட்டையில் என் கணவர் சிவரூபன். சிவப்புச் சட்டை. மார்பு வரைதான் படம். அதையே கணினியில் ஏற்றினேன்.

மாமி, சிவரூபனின் அம்மா, அறை வாசலில் நின்று பார்த்தார்.

"அவனை ஏன் உதுக்குள்ளை போட்டனி?"

"நிறம் பார்க்க, மாமி."

"சோத்தையும் உதுக்குள்ளையே வைச்சுச் சாப்பிடு." போய்விட்டார்.

அன்று செவ்வாய். பிற்பகல் 2.20. ரீவியின் மெல்லிய இரைச்சல் நின்றது... நான்கு விநாடி. பிறகு 'டிக்' என்று ஒரு சத்தம். படம் ஒரு வரி மேலே ஏறியிருந்தது.

என் படத்தில் 192 வரிகள். அதற்குக் கீழே நினைவகத்தில் இன்னும் 64 வரிகளுக்கு இடம் உண்டு. அந்த இடத்தை நானே வெறுமையாக்கியிருந்தேன். கறுப்புத்தான் வரவேண்டும்.

வந்தது சட்டையின் சிவப்பு.

பிழை என் கையில்தான் என்று நினைத்தேன். நினைவகச் சிப்பைக் கழற்றிப் புதியது போட்டேன். பற்றவைக்கும் ஈயக் கம்பி எடுக்க மேசை லாச்சிக்குள் கை விட்டபோது தாலிக்கொடி விரலில் பட்டது. செத்தவீட்டன்று இரவு கழற்றியதிலிருந்து அங்கேதான் கிடக்கிறது. அதைத் தொடும்போது மட்டும் ஏதோ ஒரு கனம் தெரிகிறது. வேறு எதைத் தொட்டாலும் தெரிவதில்லை.

புதன், 2.20. டிக்... டிக்... பதினாறு தரம்.

சட்டையின் கீழ்ப்பொத்தான் வந்தது. கல்வெட்டுப் படத்தில் இல்லாத பொத்தான். வெள்ளை நூலால் தைத்திருந்தது. தைத்தது நான்தான். அன்று சிவப்பு நூல் முடிந்துபோயிருந்தது.

பயம் வரவேண்டிய இடத்தில் ஒன்றும் வரவில்லை. எண்ணினேன். கொப்பியில் எழுதினேன்.

வியாழன், 2.20. நாற்பது தரம். விரல் நுனிகள்...

வெள்ளி, 2.20. அறுபத்துநான்கு. அதற்கு மேல் நினைவகம் இல்லை.

கண்கள் மேலே ஏறி மறைந்துவிட்டன.

கீழே வலது கை.

உள்ளங்கை மேலே பார்த்தபடி. விரிந்து. வெறுமையாக.

பிளக்கைப் பிடுங்கினேன். 2.24.

பின்னேரம் மாமியை மேசையடிக்குக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"எத்தினை மணிக்கு?"

"ரெண்டு இருபது."

மாமி கதிரையை இழுத்துப் போட்டு அதில் இருந்தார்.

"அவன்ரை பெட்டி மூடினது ரெண்டு இருபதுக்கு. நீ அறைக்குள்ளை கிடந்தனி, உனக்குத் தெரியாது. எங்கடை வீட்டு வழக்கத்துக்குத் தாலிக்கொடியைக் கழற்றி அவன்ரை கையிலை வைக்கோணும். நீ வருவாய் எண்டு நான்தான் அவன்ரை வலக்கையை விரிச்சு வைச்சனான். நீ வரேல்லை. திரும்ப மடக்கப் பாத்தன்... விறைச்சுப் போச்சு. அப்பிடியே மூடிட்டினம்."

"ஆருக்கும் சொல்லேல்லையோ?"

"ஆருக்குப் பிள்ளை சொல்லுறது?"

நாற்பத்தொன்பது நாட்களில் முதல் தடவையாக எனக்குக் குளிர்ந்தது.

மாமி கையை நீட்டினார். வலது கை. உள்ளங்கை மேலே பார்த்தபடி.

"கொடியைத் தா. கீரிமலைக் கடலிலை விட்டிட்டு வாறன். அவன் போகட்டும்."

லாச்சியின் சாவியைத் திருப்பினேன். பூட்டும் பக்கமாக.

"இல்லை மாமி," என்றேன். "அவர் வரட்டும்."