துர்காதேவியின் தபால் ஓட்டு

திருக்கழுக்குன்றத்தை அடுத்த அரசு மேல்நிலைப் பள்ளியில் துர்காதேவி அரசியல் அறிவியல் ஆசிரியை. பதினோராம் வகுப்பில் அரசாங்க வகைகள் பாடம் வரும்போது கரும்பலகையில் கட்டம் போடுவாள். மன்னராட்சி, ராணுவ ஆட்சி, சர்வாதிகாரம், மக்களாட்சி. ஒவ்வொன்றுக்கும் எதிரே, யார் முடிவெடுக்கிறார், யாரைக் கேட்டு எடுக்கிறார், பிடிக்காவிட்டால் மாற்ற முடியுமா என்று எழுதச் சொல்வாள்.

ஓர் ஆண்டு ஜெயப்பிரியா என்ற மாணவி எழுந்தாள். "மிஸ், ராஜா நல்லவரா இருந்தா? ரோடு போட்டுக் குடுக்குறாரு, சோறு போடுறாரு. அப்பறம் ஓட்டு எதுக்கு மிஸ்?"

வகுப்பு சிரித்தது. புத்தகத்தில் இருந்த பதில் துர்காவின் வாய்க்கு வரவில்லை. "எல்லாம் செய்வாரும்மா. உனக்கு இன்னா வேணும்னு மட்டும் கேக்க மாட்டாரு" என்றாள். அந்தப் பதில் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

கணவர் ஜெகதீசன் உரக்கடை வைத்திருந்தார். கெட்டவர் அல்ல. துர்காவின் அம்மா செங்கல்பட்டு மருத்துவமனையில் கிடந்த பதினொரு நாளும் கூடவே இருந்தவர் அவர்தான். ஆனால் மகள் எந்தக் கல்லூரியில் சேர வேண்டும், வீட்டுக்கு என்ன வண்டி, எந்த ஞாயிறு யார் வீட்டுக்கு என்பதெல்லாம் அவள் காதுக்கு வரும்போதே முடிவாகியிருக்கும். பெரும்பாலும் சரியான முடிவாகவும் இருக்கும். சண்டை போட அவளுக்கு வழியே இருந்ததில்லை.

ஓட்டும் அப்படித்தான். தேர்தல் பணிக்குப் போகிறவர்களுக்குத் தபால் ஓட்டு. வாக்குச்சீட்டு தபாலில் வீட்டுக்கு வரும். "இன்னா துர்கா, கவர் வந்துச்சா? குடு, நான் பாத்துக்கறேன்" என்று ஜெகதீசன் பேனாவை எடுப்பார். தம் கட்சி வேட்பாளருக்கு டிக் அடித்து, உறையை நாக்கால் நனைத்து ஒட்டுவார். கையெழுத்து மட்டும் அவளுடையது. பதினைந்து ஆண்டுகளில் வந்த எல்லாத் தேர்தலும் இப்படியே போயின.

ஒருமுறை புதுப்பட்டினம் பக்கத்து மீனவர் குப்பத்தில் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக இருந்தாள். அம்சா என்ற பெண் ஓட்டுப் போடப் போக, பின்னாலேயே அவள் புருஷனும் மறைப்புக்குள் நுழையப் பார்த்தான்.

"நில்லுப்பா. ஒருத்தர்தான் உள்ள போவணும்."

"அதுக்கு ஒண்ணும் தெரியாதும்மா. நான் காட்டிட்டு வந்துடறேன்."

"அவங்களுக்குத் தெரியும். நீ வெளிய நில்லு."

அம்சா உள்ளே நெடுநேரம் நின்றாள். வெளியே வந்தபோது யாரையும் பார்க்காமல் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு போனாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து துர்காவுக்குப் பொறாமையாக இருந்தது. துர்காவின் உறை நான்கு நாள் முன்பே ஒட்டித் தபாலில் போயிருந்தது.

போன நாடாளுமன்றத் தேர்தலில் விதி மாறியது. பணியாளர்கள் பயிற்சி நடக்கும் இடத்திலேயே ஓட்டுப் போட்டுவிட வேண்டும், சீட்டு வீட்டுக்கு வராது என்றார்கள். கேட்டதிலிருந்து துர்காவுக்கு ஒரு பரபரப்பு. வேட்பாளர்களின் நோட்டீஸ்களை ஆசிரியர் அறையில் உட்கார்ந்து ஒன்றுவிடாமல் படித்தாள். அப்போதுதான் தனகோடி என்ற அம்மாள் பள்ளிக்கூட வாசலுக்கு வந்தார். ஓய்வுபெற்ற நர்ஸ். சுயேச்சை வேட்பாளர். கூட நான்கே பேர். கும்பிட்டுவிட்டு, கையில் ஒரு நோட்டை வைத்துக்கொண்டு, "உங்களுக்கு இன்னா வேணும், சொல்லும்மா. எழுதிக்கறேன்" என்றார்.

துர்காவை யாரும் அப்படிக் கேட்டதில்லை. "யோசிச்சுச் சொல்றேங்க" என்றாள். வீடு திரும்பும்வரை யோசித்துக்கொண்டே போனாள்.

செங்கல்பட்டில் பயிற்சி நாளன்று அட்டை மறைப்புக்குப் பின்னால் தனியாக நின்றாள். தனகோடியின் பெயருக்கு எதிரே டிக் அடித்துத் தானே உறையை ஒட்டினாள்.

"கவர் எங்க?" என்றார் ஜெகதீசன் சாப்பிடும்போது.

"அங்கயே போட்டுட்டேங்க. இந்த வாட்டி வூட்டுக்குக் குடுக்கல."

"ஓ. சரி, கொஞ்சம் ரசம் ஊத்து."

துர்கா கரண்டியோடு நின்றாள். யாருக்குப் போட்டாய் என்று கேட்டால் சொல்லிவிடுவாள். ஏன் என்று கேட்டால் அதையும் சொல்வாள். காரணத்தை வாக்கியம் வாக்கியமாகத் தயார் செய்து வைத்திருந்தாள். அவர் கேட்கவில்லை. சந்தேகமே வரவில்லை அவருக்கு.

எண்ணிக்கை நாளில் டிவியில் முதலில் தபால் ஓட்டு வந்தது. "பாரு, உன் ஓட்டும் இதுலதான் கீது" என்று தம் கட்சியின் எண்ணைக் காட்டினார். சாயங்காலம் அவர் ஆள் ஜெயித்துவிட்டார். வாசலில் "அண்ணாத்த, வாங்க!" என்று கட்சிக்காரர்கள் கூப்பிட்டார்கள். வெடி வாங்கப் போனார்.

வீடு காலியானதும் துர்கா கைபேசியில் முடிவுப் பட்டியலைத் திறந்தாள். தனகோடி கீழே, கடைசிக்கு ஒன்று மேலே இருந்தார். தபால் ஓட்டு: மூன்று.

ஒன்று அவளுடையது. மற்ற இருவர் யார்? அணுபுரத்துப் பக்கம் யாராவது ஆசிரியையா, தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவா, காவலரா? அவர்களிடமும் அந்த அம்மா கேட்டிருப்பார். அவர்கள் என்ன சொல்லி எழுத வைத்தார்களோ?

இப்போது அடுத்த தேர்தல் பயிற்சி. கூடத்தில் நானூறு பேர். இயந்திரத்தை எப்படி முத்திரையிடுவது என்று மேடையில் விளக்கிக்கொண்டிருந்தார்கள். அது அவளுக்கு மனப்பாடம். துர்காதேவி வரிசை வரிசையாக முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து நாற்காலியில் இருந்த அம்மாள், "யாரைத் தேடறீங்க டீச்சர்?" என்றார்.

"தெரிஞ்சவங்க ரெண்டு பேரு" என்றாள். "பேருதான் தெரியல."